நான்காம் கிளாஸ்

என் மேசை இழுப்பறையில் ஒரு துண்டுச்சீட்டு கிடக்கிறது. பழைய மின்கட்டண ரசீது ஒன்றின் பின்பக்கம். அதில் என் கையெழுத்தில் இப்படி இருக்கிறது: "2 – சுத்தமாக இருக்கிறது, ஆனால் உள்ளூர்ச் சரக்கு. 6. 4 – இதுதான் வெளிநாட்டுச் சுவை. 8½." எழுதி ஒன்றரை ஆண்டாகிறது. எப்போதோ கிழித்துப் போட்டிருக்கலாம். வருமான வரிக் காகிதங்களைத் துழாவும்போதெல்லாம் அதுதான் முதலில் கையில் சிக்குகிறது. சிக்கும்போதெல்லாம், அறையில் வேறு யாரும் இல்லாவிட்டாலும், எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. பீர் குடிப்பவன் என்பதைவிடப் பீரை அறிந்தவன் என்று சொல்லிக்கொள்வதில் பிரியம் கொண்டிருந்தவன் நான். அந்த அறிவு எங்கிருந்து வந்தது என்று அந்தச் சீட்டு கேட்டுக்கொண்டே இருக்கிறது. பதில் ஒருவாறு தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் மனம் அதற்கு இணங்கவில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

பெங்களூரில் எங்கள் கூட்டம் ஐந்து பேர் கொண்டது. ஐவரும் தமிழர்கள், ஐவரும் பிழைப்புக்காக வந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை யாராவது ஒருவர் வீட்டு மொட்டைமாடியில் கூடுவோம். குடிப்பதற்கென்றே கூடுகிறவர்கள் எங்களைப் பார்த்தால் சிரிப்பார்கள். ஒரு பாட்டிலை ஐந்தாகப் பங்கிட்டு, ஆளுக்கு நூறு மில்லிகூடச் சில சமயம் தேறாத அளவை வைத்துக்கொண்டு, முகர்ந்து, வெளிச்சத்தில் உயர்த்திப் பார்த்து, அரை மணி நேரம் வாதாடுவோம். தொட்டுக்கொள்ள உப்பில்லாத பொரி மட்டும். மிளகாய் பட்டால் நாக்கு அன்றைக்கு வேலை செய்யாது என்பது எங்கள் சட்டம். கூட்டத்தில் ஒருவர் மருந்து நிறுவனமொன்றின் ஆய்வகத்தில் தரக்கட்டுப்பாடு பார்ப்பவர். அமெரிக்கப் போட்டி நடுவர்கள் பயன்படுத்தும் 50 மதிப்பெண் தாளைத் தமிழாக்கி எல்லோருக்கும் நகல் எடுத்துக் கொடுத்தவர் அவர்தான். மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் கனத்துக்கு 5, மொத்த அபிப்பிராயத்துக்கு 10. தோற்றத்துக்கு வெறும் மூன்றுதானா என்று முதல் நாள் எல்லோரும் அவரோடு சண்டைக்குப் போனோம். பிறகு அந்தத் தாளை நிரப்பச் சோம்பல்பட்டு, பத்துக்கு இத்தனை என்று துண்டுச்சீட்டில் கிறுக்கும் பழைய வழக்கத்துக்கே திரும்பிவிட்டோம்.

கட்சி என்று பார்த்தால் இரண்டு. கோயம்புத்தூர் நண்பர் மைக்ரோ புரூவரிக் கட்சி, அதாவது தன் தொட்டியில் தானே காய்ச்சி அங்கேயே ஊற்றித் தரும் சிறு மதுக்கூடங்களின் கட்சி. 2010-இல் இந்திராநகரில் டாய்ட் என்ற மைக்ரோ புரூவரி தொடங்கிய காலத்திலிருந்து இந்த ஊரின் பீர் மாறியதைக் கூடவே இருந்து பார்த்தவர். அமெரிக்காவின் மிச்சிகனில் பிறந்த ஆர்பர் புரூயிங் கம்பெனி இங்கே கிளை விட்டதையும், பாசுமதி அரிசி சேர்த்து ஏல் வகையில் ஒரு வெளிறிய பீர் காய்ச்சலாம் என்று டாய்ட்காரர்களுக்குத் தோன்றியதையும் தன் குடும்பத்து விசேஷங்களைப்போலச் சொல்வார். தொட்டியிலிருந்து குழாய், குழாயிலிருந்து கிளாஸ், இடையில் ஒன்றும் கிடையாது. அவருடைய வாதம் அவ்வளவுதான். நான் இறக்குமதிக் கட்சி. எனக்குத் துணை, மியூனிக்கில் இரண்டாண்டு வேலை பார்த்துத் திரும்பிய நண்பர். எங்களிடம் வாதங்களுக்குப் பஞ்சமில்லை: 1516-ஆம் ஆண்டில் பீருக்கென வந்த பவேரியத் தூய்மைச் சட்டம், 1842-இல் பில்சென் நகரில் யோசெஃப் குரோல் காய்ச்சிய பொன்னிற பீர், பெல்ஜியத்துத் துறவியர் மடங்கள். இத்தனை தலைமுறை பின்னால் நிற்கும்போது நேற்று வாங்கிய ஸ்டீல் தொட்டி என்ன செய்துவிடும் என்று கேட்பேன். அண்ணாச்சி எந்தக் கட்சியிலும் இல்லை. உடன்குடிப் பக்கத்துக்காரர், ஐம்பத்தைந்தைத் தாண்டியவர், எங்களில் மூத்தவர். கிளாஸில் பாதியை வைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். கருத்துக் கேட்டால் "நல்லாத்தான் இருக்கு" என்பார். சில நாள் அதுவும் வராது.

கண்ணாடிப் பெட்டி

என் ஊர் விழுப்புரத்துக்கு அருகில். கல்லூரி முடித்த ஆண்டில் டாஸ்மாக் கடையில் வாங்கிக் குடித்த முதல் பீர், ஐஸ் வாளியில் அமுக்கி எடுத்த ஸ்ட்ராங் பாட்டில். இனிப்பும் காட்டமும் தவிர அதற்கு வேறு சுவை இருந்ததாக நினைவில்லை. வேலை கிடைத்துப் பெங்களூர் வந்த பிறகு, அலுவலகத்துக்குப் போகும் வழியில் ஒரு பெரிய மதுக்கடை. அதன் முகப்பில் கண்ணாடிப் பெட்டிக்குள் வெளிநாட்டுப் பாட்டில்கள் வரிசையாக நிற்கும். மேலே இரவும் பகலும் எரியும் டியூப்லைட். பச்சைப் பாட்டில்கள் அந்த வெளிச்சத்தில் மரகதம் மாதிரி இருக்கும். ஒன்றின் விலையில் அப்போது இரண்டு பேர் நல்ல ஓட்டலில் வயிறாரச் சாப்பிட்டுவிடலாம். மாதம் ஒன்று என்று வாங்கினேன். முதல் பாட்டிலைத் திறந்தபோது எழுந்த மணம் இன்னும் மூக்கில் இருக்கிறது: லேசாகத் தேன், மழையில் நனைந்த அட்டைப்பெட்டி, உலர்திராட்சை, எல்லாவற்றுக்கும் அடியில் பெயர் தெரியாத ஒரு நெடி. ஊரில் குடித்த பீரில் இவற்றில் ஒன்றுகூட இருந்ததில்லை. அங்கே இல்லாததெல்லாம் ஐரோப்பா என்று மனம் குறித்துக்கொண்டது.

அதன் பிறகு எந்த வெளிநாட்டுப் பாட்டிலைத் திறந்தாலும் அந்த மணத்தைத்தான் முதலில் தேடுவேன். இருந்தால் அசல். இல்லாவிட்டால், என்னவோ குறைகிறது. பத்தாண்டுகளில் அதைச் சொல்வதற்கு ஒரு சொற்கூட்டமும் சேர்ந்துவிட்டது: ஆழம், முதிர்ச்சி, நிதானம். இந்தச் சொற்களை நான் கூட்டத்தில் திரும்பத் திரும்பச் சொன்னதில் மற்றவர்களுக்கும் ஒட்டிக்கொண்டன. மைக்ரோ புரூவரி பீரைப் பற்றிப் பேசும்போது, "நல்ல பையன், இன்னும் வயதாகவில்லை" என்பேன். கோவை நண்பருக்கு அது பற்றிக்கொண்டு வரும்.

ஆறு கிளாஸ்

அன்றைக்கு முறை ஆய்வக நண்பருடையது. தான் குடிக்கப் போவதில்லை, ஊற்றித் தருவது மட்டுமே தன் வேலை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். பில்சென் வழியில் வந்த பொன்னிற பீரான பில்ஸ்னர் ஆறு, சில உள்ளூர், சில வெளியூர், வேறு தகவல் கிடையாது. சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவர் மனைவி ஊற்ற, அவர் குறித்துக்கொள்ள, ஒரே அளவுக் கண்ணாடி கிளாஸ்கள் இருபத்து நான்கு தட்டுத் தட்டாக மாடிக்கு வந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் மாஸ்கிங் டேப்பில் ஓர் எண். வீட்டில் இருந்தது ஆறு கிளாஸ்தான். மீதியை அந்தத் தெருவில் மூன்று வீடுகளில் இரவல் வாங்கி, சோப்பின் பிசுக்கு ஒட்டியிருந்தால் நுரை நிற்காது என்று எல்லாவற்றையும் வெந்நீரில் இரண்டு முறை அலசியிருந்தார். பாட்டில்களை முந்தைய நாளே ஃபிரிட்ஜில் ஒரே தட்டில் வைத்து, ஊற்றுவதற்குக் கால் மணி நேரம் முன்னால் வெளியே எடுத்திருந்தார். அளவுக்கு மீறிக் குளிர்ந்த பீரில் குற்றமும் தெரியாது, குணமும் தெரியாது. மருந்துக் கம்பெனிக்காரரின் இந்த ஏற்பாடுகளைப் பார்த்துவிட்டு, மாத்திரை எப்போது வரும் என்று மியூனிக் நண்பர் கேட்டார்.

முதல் கிளாஸ் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டாவதில் வெளிறிய பொன்னிறம். வெள்ளை நுரை, குடிக்கக் குடிக்கக் கிளாஸின் உட்பக்கத்தில் வளையம் வளையமாக ஒட்டிக்கொண்டு இறங்கியது. பச்சைப் புல்லைக் கசக்கியதுபோல ஒரு வாசம். கூடவே மிளகை இடித்த உரலில் வருவதுபோல ஒரு கூர்மை. விழுங்கியதும் அடிநாக்கில் சுருக்கென்று கசந்தது. அடுத்த நொடி வாய் சுத்தமாகிவிட்டது. கோவை நண்பர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இது நம்ம ஊர்த் தொட்டிதானுங்க, எழுதியே தர்றேன்" என்று 9 போட்டார். எனக்கும் அதே சந்தேகம்தான். அதனாலேயே 6 போட்டேன். மூன்றாவதைத் தாண்டி நான்காவதுக்கு வந்தோம். நிறம் ஓரிழை கூடியிருந்தது, நுரை சீக்கிரமே அடங்கியது. மூக்கருகே கொண்டுபோனேன், அந்தப் பழைய கண்ணாடிப் பெட்டி டியூப்லைட்டோடு என் முன்னால் வந்து நின்றது. தேன், நனைந்த அட்டை, திராட்சை, அடியில் அந்த நெடி. நான் கண்ணை மூடிக்கொண்டதாகவும், கச்சேரியில் உட்கார்ந்திருப்பவனைப்போலத் தலையை ஆட்டியதாகவும் பின்னால் சொன்னார்கள். எட்டரை போட்டேன். மியூனிக் நண்பர் ஏழரை. கோவை நண்பர்கூட, வெளிநாடு என்று தெரிகிறது, மரியாதைக்கு ஏழு என்றார். அண்ணாச்சி ஒரு வாய் குடித்தார். கிளாஸைத் தள்ளி வைத்தார். சீட்டில் மதிப்பெண் போடவில்லை. ஒரே ஒரு சொல் எழுதினார்: "பழசு".

ஆறும் முடிந்த பிறகு ஆய்வக நண்பர் இரண்டு காலிப் பாட்டில்களைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். ஒரே ஜெர்மன் பில்ஸ்னர். ஒரே பச்சைப் பாட்டில், ஒரே லேபிள், ஒரே மூடி. பெயரைச் சொல்லப்போவதில்லை, காய்ச்சியவர்கள் மேல் தவறு ஒன்றும் இல்லை. இரண்டாம் கிளாஸுக்குப் போன பாட்டில், அவருடன் வேலை பார்ப்பவர் ஃபிராங்ஃபர்ட்டிலிருந்து பெட்டிக்குள் துணிகளுக்கு நடுவே சுருட்டிக் கொண்டுவந்தது. அடைத்து ஏழு வாரம். நான்காம் கிளாஸுக்குப் போனது இந்த ஊர்க் கடையொன்றின் கண்ணாடி அலமாரியிலிருந்து வாங்கியது; அடைத்துப் பத்து மாதம், நடுவில் ஒரு முழுக் கோடை. காலாவதித் தேதிக்கு இன்னும் இரண்டு மாதம் பாக்கி இருந்தது. கழுத்தில் பொடியாக அச்சடித்திருந்த எண்களை அவர் கைபேசி வெளிச்சத்தில் எங்களுக்கு வாசித்துக் காட்டினார்.

சற்று நேரம் யாரும் பேசவில்லை. கீழே தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள். கோவை நண்பர் போட்ட ஒன்பது, ஜெர்மனிக்குப் போய்விட்டது. உள்ளூர் என்று நினைத்து அவர் தாராளமாகப் போட்டார். அதே நினைப்பில் நான் கையை இறுக்கினேன். குடித்தது ஒன்றே, ஊகமும் ஒன்றே, மதிப்பெண்ணில் மூன்று வித்தியாசம். மியூனிக் நண்பர், தான் அங்கே கோதுமைப் பீரைத்தான் அதிகம் குடித்ததாக விளக்கம் சொல்லத் தொடங்கி, யாரும் கேட்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். தமிழ்நாட்டில் 1987-இல் கள்ளுக்குத் தடை வந்தபோது அவருக்குப் பதினெட்டு வயது. அதுவரை பனங்காட்டுக்குள்ளேயே வளர்ந்தவர். விடியலில் இறக்கிய கள் வேறு, உச்சிப் பொழுதுக் கள் வேறு, அந்தியில் அது புளித்துக் கிடப்பது வேறு. எந்த நேரத்துக் கள் என்று வாயில் வைத்ததும் சொல்லத் தெரியாதவனைக் கூட்டத்தில் சேர்க்கமாட்டார்கள் என்றார். "நாங்க கள்ளுக்கு நேரம் பாப்போம், தம்பி. நீங்க பீருக்கு நாடு பாக்குதிய."

அட்டையும் பெருங்காயமும்

அடுத்த வாரம் ஆய்வக நண்பர் எனக்குத் தனியாகப் பாடம் எடுத்தார். பீருக்கு மூன்று பகை: ஆக்சிஜன், வெப்பம், வெளிச்சம். எத்தனை கவனமாக அடைத்தாலும் பாட்டிலுக்குள் துளி ஆக்சிஜன் தங்கிவிடுகிறது. அது மெல்ல மெல்லத் தன் வேலையைச் செய்கிறது. பீருக்குக் கசப்பும் வாசமும் தரும் ஹாப்ஸ் என்ற பூவின் பச்சை வாசமும் கசப்பின் கூர்மையும் முதலில் தேய்கின்றன. நனைந்த அட்டையின் வாசம் கொண்ட டிரான்ஸ்-2-நானெனால் என்னும் பொருள் தலைகாட்டுகிறது. ஒரு லிட்டரில் ஒரு மைக்ரோகிராமின் பத்தில் ஒரு பங்கு இருந்தாலே பழகிய மூக்கு கண்டுகொள்ளும். தேனும் ஷெர்ரி ஒயினும் உலர்திராட்சையும் அதன் பின்னால் வருகின்றன. வெப்பம் இவை அத்தனையையும் விரட்டி வேலை வாங்குகிறது. தொழிலில் இருப்பவர்கள் 3-30-300 என்று ஒரு வாய்பாடு வைத்திருக்கிறார்கள்: ஏறத்தாழ 32 டிகிரி செல்சியஸில் 3 நாளில் பீருக்கு ஏறும் வயது, 22 டிகிரியில் 30 நாளில் ஏறும், 3 டிகிரியில் 300 நாள் பிடிக்கும். தோராயக் கணக்குதான். ஆனாலும் துறைமுக வெயிலில் நிற்கும் கன்டெய்னரையும் மின்விசிறிகூட இல்லாத கிடங்கையும் அந்த வாய்பாட்டில் போட்டுப் பார்த்தால், நான் எட்டரை கொடுத்தது யாருடைய கைவண்ணத்துக்கு என்பது விளங்கிவிடும்.

வெளிச்சத்தின் கதை இன்னும் சுவையானது. கசப்பு தரும் ஹாப்ஸ் பொருள்கள், வெளிச்சத்தின் ஊதா, நீலப் பகுதி பட்டால், பீரிலேயே இருக்கும் ரைபோஃபிளேவின் என்ற வைட்டமினின் துணையோடு உடைந்து, கந்தகம் சேர்ந்த வேறொரு பொருளாகிவிடுகின்றன. லிட்டருக்குச் சில நானோகிராம் போதும், மூக்கு சுளித்துக்கொள்ளும். பழுப்புப் பாட்டில் இதைப் பெருமளவு தடுக்கும். பச்சைப் பாட்டில் அரைகுறைதான். நிறமற்ற பாட்டில் தடுப்பதே இல்லை. நேர்வெயில் என்றால் சில நிமிடங்களிலேயே காரியம் முடிந்துவிடும். டியூப்லைட் என்றால் கொஞ்சம் கூடுதல் காலம் எடுக்கும், அவ்வளவே. என் மரகதங்கள் இரவும் பகலும் அதன் அடியில்தான் நின்றன. அமெரிக்கர்கள் இந்த நெடிக்கு ஸ்கங்க் என்ற விலங்கின் பெயரை வைத்திருக்கிறார்கள். நம் பக்கத்தில் அந்தப் பிராணி இல்லை. அண்ணாச்சி ஒரு முறை முகர்ந்து பார்த்துவிட்டு, "பெருங்காய டப்பாவத் தொறந்தாப்ல இருக்கு" என்றார். பெருங்காயத்துக்கு அதன் வாசத்தைத் தருபவையும் கந்தகச் சேர்மங்கள்தாம் என்று ஆய்வக நண்பர் வியந்துபோனார். அன்றிலிருந்து எங்கள் கூட்டத்தில் அதற்குப் பெயர் டப்பா. பத்தாண்டுக் காலம் நான் 'பெயர் தெரியாத நெடி' என்று கொண்டாடியதற்கு ஒருவழியாகப் பெயர் கிடைத்தது. எனக்கு இதில் ஒரு சிறு ஆறுதலும் உண்டு: பச்சைப் பாட்டில்களில் ஐரோப்பியப் பீரைக் குடித்துப் பழகிய அமெரிக்கர்களில் பலரும் இந்த நெடியையே இறக்குமதியின் முத்திரையாக எடுத்துக்கொண்டார்கள் என்று பீர்த் தொழிலில் பரவலாகச் சொல்வார்கள்.

கப்பலில் வந்தது

பீர் கப்பலேறி இந்தியாவுக்கு வருவது இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழக்கம். லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் நின்ற துறைகளுக்குப் பக்கத்தில், போ என்ற இடத்தில் பீர் காய்ச்சிக்கொண்டிருந்த ஹாட்ஜ்சன், கப்பல் தலைவர்களுக்குக் கடனுக்குப் பீப்பாய் கொடுத்து இந்தச் சந்தையைப் பிடித்தார். 1820-களில் பர்ட்டன் ஊர்க்காரர்கள், ஆல்சாப் முதலில், பாஸ் அடுத்து, போட்டிக்கு வந்தார்கள். நன்னம்பிக்கை முனையைச் சுற்றி நான்கைந்து மாதப் பயணம். வழியில் நிலநடுக்கோட்டை இரண்டு முறை கடக்க வேண்டும். அந்த வெக்கையிலும் ஆட்டத்திலும் பீப்பாய்க்குள் இருந்த வெளிறிய ஏல், இங்கிலாந்து நிலவறையில் ஆண்டுக்கணக்காகக் கிடந்ததைப்போல முதிர்ந்து வந்து சேர்ந்தது. இங்கிருந்த துரைமார்களுக்கு அது பிடித்துப்போயிற்று. (சிப்பாய்கள் குடித்தது போர்ட்டர் என்ற கறுத்த பீர். அளவில் அதிகம் இறங்கியதும் அதுதான். அந்த வெளிறிய ஏலின், அதாவது ஐ.பி.ஏ. என்ற இந்தியா பேல் ஏலின் கதையைச் சொல்பவர்கள் இதை வசதியாக மறந்துவிடுவார்கள்.) இந்தக் கதையைத்தான் நான் கேடயமாகப் பிடித்துக்கொண்டேன். பயணத்தால் வந்த சுவையைத் துரைமார் விரும்பலாம், நான் விரும்பக்கூடாதா என்று கேட்டேன்.

வாதம் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் நிற்கவில்லை. அந்த ஏல் பயணத்துக்கு ஏற்றாற்போல் காய்ச்சப்பட்டது: ஹாப்ஸ் தாராளம், சர்க்கரை மிச்சமில்லாமல் நொதித்தது, பீப்பாய்க்குள் ஈஸ்ட் உயிரோடு இருந்தது. வடிகட்டி, ஈஸ்ட்டை நீக்கி அடைத்த இன்றைய பில்ஸ்னருக்குப் பயணம் ஒரு நன்மையும் செய்வதில்லை. இன்றைய ஐ.பி.ஏ.யின் நிலை அதைவிடப் பரிதாபம். அதன் உயிரே ஹாப்ஸின் வாசம். அந்த வாசம்தான் முதலில் பறந்துபோவது. கலிஃபோர்னியாவின் ஸ்டோன் புரூயிங் 2012-இல் தன் ஐ.பி.ஏ. ஒன்றுக்கு 'இந்தத் தேதிக்குள் குடி' என்ற பொருளில் பெயரே வைத்து, ஏறத்தாழ ஐந்து வாரக் கெடு கொடுத்தது. ஐந்து மாதம் கடலில் கிடந்து பேர் வாங்கிய பீரின் பேரன், ஐந்து வாரத்துக்கு மேல் அலமாரியில் நிற்கமாட்டேன் என்கிறான். இதைக் கேட்டதும் கோவை நண்பர், வழக்கு முடிந்தது என்று எழுந்து நின்று வேட்டியை மடித்துக் கட்டினார்.

அவரை உட்கார வைத்தது ஓர்வால். பெல்ஜியத்தின் தென்கோடியில், பிரெஞ்சு எல்லைக்கு அருகே இருக்கும் டிராப்பிஸ்ட் துறவியர் மடத்தின் பீர் அது, ஆல்கஹால் 6.2 சதவீதம். பாட்டிலில் அடைக்கும்போது பிரெட்டனோமைசிஸ் என்ற காட்டு ஈஸ்ட்டையும் சேர்க்கிறார்கள். அது பாட்டிலுக்குள் மாதக்கணக்கில் மிச்சச் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். இளம் ஓர்வாலில் ஹாப்ஸ் தூக்கலாக இருக்கும். ஆறு மாதம், ஓராண்டு போனால் ஹாப்ஸ் அடங்கி, குதிரை லாயத்தில் வரும் தோல் வாசமும் வறட்சியும் ஏறும். அடைத்த தேதி லேபிளிலேயே இருக்கும். அந்த நாட்டில் சில கடைகளில் இளசா, பழசா என்று கேட்டே ஊற்றித் தருவார்கள். எங்கள் கையில் வாய்த்தது மூன்றே பாட்டில், மூன்றும் வெவ்வேறு தேதி. அண்ணாச்சியே பதினான்கு மாதப் பாட்டிலைத் தள்ளி வைக்காமல் முழுதாகக் குடித்தார். "இது பழசில்ல. இது வயசானது" என்றார். இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டதற்கு, நான் உங்களுக்கு அண்ணாச்சியா தாத்தாவா என்று திருப்பிக் கேட்டார். இதற்குள் பொருள் ஏதும் இருக்கிறதா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

கோவை நண்பரின் கட்சிக்கும் நான் நற்சான்று தருவதாக இல்லை. புதிது என்பது ஒரு தகுதி, அவ்வளவுதான். தொட்டியிலிருந்து நேராக வந்த பீரில் வெண்ணெய் வாசம் அடித்து நான் பலமுறை பார்த்திருக்கிறேன். நொதித்த பிறகு ஈஸ்ட்டுக்குச் சில நாள் அவகாசம் கொடுத்தால் அந்த வாசத்தைத் தரும் பொருளை அதுவே திரும்ப உண்டு தீர்த்துவிடும். வார இறுதிக் கூட்டத்துக்குச் சரக்கு வேண்டும் என்ற அவசரத்தில் அந்தச் சில நாள்தான் காணாமல் போகிறது. ஒரே இடத்தில், ஒரே பெயரில், இந்த மாதக் கோதுமைப் பீர் வாழைப்பழமாக மணக்கும்; அடுத்த மாதம் கிராம்பாக மணக்கும். இவற்றைச் சொன்னால் அவர், பிஞ்சில் குறை இருக்கலாம், அழுகலை எப்படிப் புகழ்வது என்பார். அழுகல் என்ற சொல் எனக்குச் சுருக்கென்று தைக்கும்.

மூன்றில் ஒன்று

அந்தச் சொல் தைத்ததால்தான் இன்னொரு சோதனைக்கு நானே கேட்டு உட்கார்ந்தேன். ஆய்வகங்களில் முக்கோணச் சோதனை என்ற ஒன்று இருக்கிறது. மூன்று கிளாஸ், இரண்டில் ஒரே பொருள், ஒன்றில் மட்டும் வேறு. எது வேறு என்று சொன்னால் போதும். பிடித்ததா, உயர்ந்ததா என்ற கேள்விக்கே இடமில்லை. குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒரு முறை சரியாகிவிடும் என்பதால் பலமுறை செய்ய வேண்டும். அதே ஜெர்மன் பில்ஸ்னரின் புதிய பாட்டிலும் பழைய பாட்டிலும் திரும்பக் கிடைக்க நான்கு மாதம் ஆயிற்று. நான்கு சுற்று. நான்கிலும் சரியாகச் சொன்னேன். ஊகத்தால் அப்படி அமைவதற்கு எண்பத்தொன்றில் ஒரு வாய்ப்புதான் என்று ஆய்வக நண்பர் கணக்குப் போட்டுக் கை குலுக்கினார். என் மூக்கில் பழுதில்லை என்று நிரூபணமானதில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி அரை நிமிடம் நீடித்தது. அப்படியானால் எது பிடித்திருக்கிறது என்று, சோதனையில் இல்லாத கேள்வியைக் கோவை நண்பர் கேட்டார்.

பழையதுதான் பிடித்திருந்தது. இப்போது எல்லாம் தெரியும். நானெனால் தெரியும், டப்பா தெரியும், கன்டெய்னரின் வெக்கை தெரியும். புதிய கிளாஸில் பில்சென் நகரத்தார் 1842-இல் கண்டு மகிழ்ந்த குணத்தின் சாயல் இருக்கிறது என்பதும் தெரியும். ஆனாலும் பழைய கிளாஸை முகர்ந்ததும் இருபத்து மூன்று வயதில் வாடகை அறையின் தரையில் உட்கார்ந்து, செய்தித்தாளை விரித்து, யாருக்கும் சொல்லாமல் ஒரு பாட்டிலைத் திறந்தவன் எழுந்து வந்துவிடுகிறான். அவனுக்கு மதிப்பெண் குறைக்க எனக்குக் கை வரவில்லை. நண்பர்களிடம் இதைச் சொல்லவில்லை. புதியது நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அண்ணாச்சி மட்டும் என்னைப் பார்த்துவிட்டு வானத்தைப் பார்க்கத் தொடங்கினார்.

இப்போது கூட்டத்தில் முதல் வேலையாகப் பாட்டிலின் தேதியை உரக்கப் படிக்கிறோம். தேதி இல்லாத பாட்டிலுக்கு மதிப்பெண் கிடையாது. வெளிச்சம் படும் அலமாரியிலிருந்து வாங்குவதில்லை; உள்ளே அட்டைப்பெட்டியில் இருப்பதைக் கேட்டு வாங்குகிறோம்; கடைக்காரர்கள் எங்களை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். உள்ளூர், வெளிநாடு என்ற சண்டை அநேகமாக ஓய்ந்துவிட்டது. அதன் இடத்துக்கு எத்தனை வாரம் என்ற சண்டை வந்திருக்கிறது. போன பங்குனியில் பச்சைப் பாட்டில் பில்ஸ்னர் ஒன்றை, அடைத்து ஒரு மாதம்கூட ஆகாததை, வாங்கி வந்தேன். சமையலறைப் பரணில், தகரக் கூரையின் சூடு இறங்குகிற மூலையில், ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். பகலில் சன்னல் வெளிச்சம் அரை மணி நேரம் அதன்மேல் விழும். டேப்பில் தேதி எழுதி ஒட்டியிருக்கிறேன். ஐப்பசியில் திறக்கலாம் என்று திட்டம். விஷயத்தைக் கேட்டதும் ஆய்வக நண்பர் வாரம் ஒருமுறை பரணின் வெப்பநிலையைக் குறித்து அனுப்பச் சொல்லியிருக்கிறார். கோவை நண்பர் வந்து பார்ப்பாராம், குடிக்கமாட்டாராம். அண்ணாச்சி அந்த மாதம் ஊருக்குப் போகிறேன் என்றிருக்கிறார்.